பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் எழுதியிருக்கிறார்களா? ரத்தம் கொடுக்கும் முன்னும் ரிப்போர்ட் வந்த பின்னும்

எங்கள் லேபில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம். ஸ்கூல் விட்டதும் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு, சீட்டோடு நேராக வருகிறவர்கள். ஒருநாள் ஓர் அம்மா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுண்ட்டரை விட்டு நகராமல் நின்றார். ஏழு வயதுப் பையன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தான். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: ஏ.எஸ்.ஓ. பாசிட்டிவ், 400.

"அக்கா, போன்ல தேடிப் பார்த்தேன். ஹார்ட் வால்வு போயிடும்னு போட்டிருக்கு. நிஜமாவா?"

"அந்த நம்பர் அப்படிச் சொல்லலைம்மா. உக்காருங்க, சொல்றேன்."

அன்று அவரிடம் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இருபது வருடமாக லேப் டெக்னீஷியன். மருந்து பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் அந்த நம்பர் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது நான் தினமும் கையால் செய்கிற வேலை. அதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் வீண் பயமும் குறையும், வீண் ஊசியும் குறையும். நிஜமாகவே பயப்பட வேண்டிய பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இருப்பதும் குறையும்.

முதலில், அளப்பது எதை?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிக் கூட்டத்தில் பிள்ளைகளை அதிகம் படுத்துவது ஏ பிரிவு. தொண்டையில் இறங்கினால் டான்சில் சிவந்து, சீழ் வைத்து, காய்ச்சலடிக்கும். தோலில் இறங்கினால் சிரங்கு. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும் தொல்லை இது. மூன்று வயதுக்குள் தொண்டையில் வருவது குறைவு.

இந்தக் கிருமி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிற நச்சு ஒன்றை வெளியே விடுகிறது. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ. ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும் என்பதால் அந்த 'ஓ'. நம் உடம்பு அந்த நச்சை அடக்கத் தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் ஆன்ட்டி ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, சுருக்கமாக ஏ.எஸ்.ஓ. சில லேப்களில் ஏ.எஸ்.எல்.ஓ. என்று அச்சடிப்பார்கள்; இரண்டும் ஒன்றுதான். 1932இல் டாட் என்ற ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். பழைய டாக்டர்கள் 'டாட் யூனிட்' என்று சொல்வது அவர் பெயரை வைத்துத்தான்.

ஆக, நாங்கள் அளப்பது கிருமியை இல்லை. கிருமி வந்ததற்கு உடம்பு எழுதி வைத்த கணக்கை. வயலில் மாட்டின் குளம்படி கிடந்தால் மாடு வந்துபோயிருக்கிறது என்று தெரியும். இப்போதும் அங்கே நிற்கிறதா என்று குளம்படியைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்ன மேய்ந்தது, எவ்வளவு அழித்தது என்பதற்குப் பயிரைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த டெஸ்ட்டுக்கும் அதே கதைதான்.

படி 1: டெஸ்ட் எதற்கு என்று கேளுங்கள்

சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "இப்ப இருக்கிற தொண்டை வலிக்கா, இல்ல முன்னாடி வந்துபோனதைக் கண்டுபிடிக்கவா?"

நேற்று ஆரம்பித்த தொண்டை வலிக்கு இந்த டெஸ்ட் உதவாது. கிருமி உள்ளே நுழைந்த முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் இன்னும் ஏறியிருக்காது. பிள்ளைக்குத் தொண்டையில் அசல் ஸ்ட்ரெப் இருக்கும்போதே ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரலாம். இன்னொரு பிள்ளைக்கு இப்போது இருப்பது சாதாரண வைரஸ் சளி. ஆனால் மூன்று மாதம் முன்பு வந்துபோன ஸ்ட்ரெப்பின் மிச்சத்தால் பாசிட்டிவ் வரும். இரண்டுமே ஏமாற்றும்.

இப்போதைய தொண்டை வலிக்குத் தொண்டையைத்தான் பார்க்க வேண்டும். திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலிப்பது, இருமலும் மூக்கொழுகலும் இல்லாதது. இவையெல்லாம் சேர்ந்திருந்தால் ஸ்ட்ரெப்பாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார். உறுதி செய்ய, பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி எடுப்போம். அதை ரத்த அகார் தட்டில், அதாவது கிருமி வளர ரத்தம் கலந்து செய்த தட்டில், தீற்றி வைத்தால் ஓரிரு நாளில் கிருமி வளர்ந்து தெரியும். சிறு புள்ளிகளாக வளரும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு கரைந்து கண்ணாடி போல் ஆகியிருக்கும். சில ஊர்களில் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேபிட் கிட்டும் கிடைக்கிறது.

ஸ்ட்ரெப் என்று முடிவாகி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். வாய்வழிப் பெனிசிலினோ அமாக்சிசிலினோ என்றால் வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாடத் தொடங்கும், மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். அப்படி விடக் கூடாது. தொண்டை நோவு தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும், ஸ்ட்ரெப்புக்குப் பிறகு மூட்டை வீங்க வைத்து இதய வால்வையும் கெடுக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும் என்பது நெடுநாளாக நிரூபணமான விஷயம். இந்த வழிகாட்டியிலுள்ள எந்த டெஸ்ட்டையும்விட அந்தப் பத்து நாள் மாத்திரைதான் பிள்ளையின் இதயத்தைக் காக்கிறது.

அப்படியென்றால் ஏ.எஸ்.ஓ. எதற்கு? தொண்டை ஆறிய பிறகு வரும் நோய்களுக்கு. ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். சிறுநீரக வீக்கம் தொண்டை வலிக்குப் பத்து நாளில் வரலாம். சிரங்குக்குப் பிறகு என்றால் மூன்று வாரம் அல்லது இன்னும் கூடுதலாகும். அந்த நேரத்தில் தொண்டையைத் தடவி எடுத்தால் பல பிள்ளைகளிடம் கிருமி அகப்படாது. வந்துபோனதற்குச் சாட்சி ரத்தத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

படி 2: தேதியைத் தேடுங்கள்

இதில்தான் பெற்றோர் செய்யக்கூடியது மிக அதிகம். ஏ.எஸ்.ஓ. கிருமி வந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் உச்சிக்குப் போகும். பிறகு மெதுவாக, மாதக் கணக்கில் இறங்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். எப்போது தொண்டை வலி வந்தது என்று தெரியாமல் அந்த நம்பரைப் படிப்பது, கிழமை தெரியாமல் பஸ் டைம்டேபிள் படிப்பது போல.

அதனால் டாக்டரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசியாக எப்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தது, எத்தனை நாள் இருந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள். வீட்டில் யாருக்காவது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு, அப்போது அதே நோவு இருந்ததா. கடந்த இரண்டு மாதத்தில் காலிலோ கையிலோ சிரங்கு, சொறி, கொசுக்கடியைச் சொறிந்து புண்ணானது உண்டா. ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரமே தொடங்கியிருந்தால் எதிர்ப்பொருள் அவ்வளவாக ஏறாமல் போகலாம், ஆகவே மருந்துச் சீட்டையும் தேடி எடுங்கள்.

ஒரு தடவை மூட்டு வீங்கிய பெண் குழந்தையோடு அவளுடைய அப்பத்தா வந்திருந்தார். காய்ச்சல் எப்போது வந்தது என்றால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நினைவில்லை. அப்பத்தா சுருக்குப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். பிள்ளைக்கு உடம்பு சுட்ட அன்று, கோயிலுக்கு முடிந்து வைத்த காசை அந்தத் தாளில்தான் மடித்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்தொன்பது நாள். டாக்டர் அந்தத் தேதியைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியாக எழுதினார்.

படி 3: ரத்தம் கொடுக்கும் நாள்

வெறும் வயிற்றில் வர வேண்டாம். பிள்ளை சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பு நன்றாகக் கிடைக்கும். எண்ணெய் மிதக்கும் விருந்துச் சாப்பாட்டை மட்டும் அன்று தவிர்க்கலாம். சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்) பால் போல் கலங்கினால் சில முறைகளில் முடிவு கெடும். எடுப்பது இரண்டு மூன்று மில்லி, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. டாக்டர் ஆன்ட்டி டி.என்.ஏஸ் பி என்ற இன்னொரு ஸ்ட்ரெப் எதிர்ப்பொருள் டெஸ்ட்டையும் கேட்டிருந்தால் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை.

"ஊசியே போட மாட்டாங்க" என்று பிள்ளையிடம் பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். எறும்பு கடிக்கிற மாதிரி சுரீரென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அந்தப் பிள்ளை கையை நீட்ட வேண்டும்.

பிறகு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள இது வேண்டும். ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விடுவோம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும். கறுப்பு நிறக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சீரம், அதன் பக்கத்தில் பால் போன்ற லேடெக்ஸ் ஒரு சொட்டு. அந்த லேடெக்ஸ் துகள்கள் மேல் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ பூசியிருக்கும். இரண்டையும் குச்சியால் கலக்கி, தகட்டை இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோம். சீரத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்தால் பால் திரிவது போல் வெள்ளைத் துணுக்குகள் பிரிந்து நிற்கும். இல்லையென்றால் கடைசி வரை பாலாகவே இருக்கும்.

அந்த இரண்டு நிமிடம் மிக முக்கியம். தாண்டிப் பார்த்தால் சொட்டு காய ஆரம்பித்து, இல்லாத துணுக்கு இருப்பது போல் தெரியும். போன் அடித்ததென்று எழுந்து போய்விட்டு ஐந்தாவது நிமிடம் வந்து 'பாசிட்டிவ்' எழுதினால், ஒரு வீட்டின் தூக்கம் போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்வது இதுதான்: ஸ்லைடு கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. லேடெக்ஸ் ரீஏஜென்ட்டை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வர விட வேண்டும். முடிவு முன்பே தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் சொட்டுகளை ஒவ்வொரு தடவையும் கூடவே போட வேண்டும்.

படி 4: நம்பரைப் படிப்பது

இந்த ஸ்லைடு முறையில் லேடெக்ஸை வழக்கமாக 200 யூனிட்டில் திரியும்படி தயாரித்திருப்பார்கள். திரிந்தால் 200 அல்லது அதற்கு மேல் என்று பொருள். எவ்வளவு மேல் என்று அறிய, சீரத்தில் உப்புநீர் கலந்து பாதியாக்கிப் பார்ப்போம். அதுவும் திரிந்தால் 400. இன்னும் பாதியாக்கித் திரிந்தால் 800. அதனால்தான் ரிப்போர்ட்டில் 200, 400, 800 என்று படிப்படியாக வருகிறது. 350, 520 என்று வருவதில்லை. இந்த நம்பர்கள் மாடிப்படி மாதிரி. ஒரு படி ஏறியது இறங்கியதெல்லாம் கண்ணின் பிழையாகவும் இருக்கலாம்.

பெரிய லேப்களில் மெஷினில் போடுவார்கள். சீரம் எவ்வளவு கலங்குகிறது என்பதை ஒளியைப் பாய்ச்சி அளந்து 287, 412 என்று நேரடி எண் கொடுக்கும். அது நுட்பமான முறை. ஆனால் ஸ்லைடு ரிப்போர்ட்டையும் மெஷின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று ஒப்பிடாதீர்கள். வேறு வேறு தராசு.

இனி, நார்மல் என்ன என்ற கேள்வி. ரிப்போர்ட்டின் ஓரத்தில் பெரும்பாலும் '200க்குள்' என்று அச்சடித்திருக்கும். அது பெரியவர்களுக்கு ஒத்துவரும் கோடு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஸ்ட்ரெப்பை வாங்கிக்கொண்டே இருப்பவர்கள். நோவே தெரியாமல் வந்து போவதும் உண்டு. அவர்கள் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ருமாட்டிக் காய்ச்சலோடு நெடுங்காலமாகப் போராடும் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டுதலில், ஃபிஜித் தீவு மக்களிடம் அளந்த வரம்புகளைப் பயன்படுத்துகிறார்கள். 1 முதல் 4 வயதுக்கு 170, 5 முதல் 14 வயதுக்கு 276, 35 வயதுக்கு மேல் 127. ஊருக்கு ஊர் இது மாறும். வயதுக்கு வயது எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு 250 வந்தால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். அந்தப் பிள்ளையின் வயதுக்கு அது சர்வசாதாரணம்.

இன்னொன்றையும் எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும். இந்த மேல் வரம்பைக் குறிக்கும்போது, நோயில்லாதவர்களில் ஐந்தில் நான்கு பேர் அதற்குள் வரும்படிதான் கோடு போடுகிறார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளிலேயே ஐந்தில் ஒருவர் கோட்டைத் தாண்டி நிற்பார். தெருவில் விளையாடும் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால் பாசிட்டிவ் ரிப்போர்ட்கள் வரத்தான் செய்யும்.

படி 5: ஒற்றை ரிப்போர்ட் போதாது, இரண்டாவது வேண்டும்

ஓர் எண் உயரத்தைச் சொல்லும். இரண்டு எண்கள் திசையைச் சொல்லும். முதல் ரத்தம் எடுத்த இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மறுபடி எடுத்து, 200 ஆக இருந்தது 800 ஆனால், அதாவது இரண்டு படி ஏறினால், கிருமி அண்மையில் வந்தது என்பதற்கு அது வலுவான சாட்சி. அதே லேபில், அதே முறையில் எடுங்கள். முதல் ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டு வாருங்கள்.

மேலே சொன்ன அம்மா மூன்று வாரம் கழித்து வந்தார். மறுபடியும் 400தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பையனுக்குக் காய்ச்சல் இல்லை, மூட்டு வீக்கம் இல்லை, டாக்டர் இதயத்தைக் கேட்டுப் பார்த்ததில் குறையில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் வலிக்கிறது என்று அழுவான், காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பான். வளர்கிற வயதில் பல பிள்ளைகளுக்கு வரும் கால்வலி அது. எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

இரண்டாவது ரிப்போர்ட் என்பது வேறு டெஸ்ட்டாகவும் இருக்கலாம். அதுதான் ஆன்ட்டி டி.என்.ஏஸ் பி. இது ஸ்ட்ரெப் வெளியிடும் இன்னொரு பொருளுக்கு எதிரானது. ஏ.எஸ்.ஓ.வைவிடத் தாமதமாக ஏறும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சிக்கு வரும். நீண்ட நாள் தங்கும். சிரங்கு விஷயத்தில் இதன் அருமை தெரியும். தோலில் உள்ள கொழுப்புப் பொருள்கள் ஸ்ட்ரெப்டோலைசின் ஓவை அங்கேயே மடக்கிவிடுவதால், தோல் வழியே வந்த ஸ்ட்ரெப்புக்கு ஏ.எஸ்.ஓ. பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆன்ட்டி டி.என்.ஏஸ் பி ஏறும். காலெல்லாம் சிரங்குத் தழும்போடு முகம் உப்பி வந்த பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. மட்டும் பார்த்து "நெகட்டிவ், ஸ்ட்ரெப் இல்லை" என்று முடித்தால் அது தவறு.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு ஏ.எஸ்.ஓ. கூடியிருக்கும். மீதி ஒருவரை அது தவறவிடும். இரண்டு டெஸ்ட்டையும் சேர்த்தால் தவறுவது வெகுவாகக் குறையும். ஆன்ட்டி டி.என்.ஏஸ் பி எல்லா ஊரிலும் செய்வதில்லை. பெரிய லேபுக்கு அனுப்பிச் சில நாள் காத்திருக்க வேண்டும், விலையும் கூட. டாக்டருக்குச் சந்தேகம் வலுவாக இருந்தால் காத்திருக்கலாம். வெறும் கால்வலிக்கு அந்தச் செலவு வேண்டாம்.

செலவு என்றதும் ஒன்று. 'ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்' என்று ஏ.எஸ்.ஓ., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட் எல்லாவற்றையும் கட்டாக விற்கிறார்கள். ஸ்ட்ரெப் சந்தேகத்துக்குப் பிள்ளையிடம் யூரிக் ஆசிட் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டாக்டர் சீட்டில் எழுதியதை மட்டும் கேளுங்கள்.

படி 6: நம்பரைப் பிள்ளையோடு சேர்த்துப் பாருங்கள்

ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது ஜோன்ஸ் விதிகள். 1944இல் வந்தவை, கடைசியாக 2015இல் திருத்தினார்கள். அவற்றில் முதல் வரிசையில் நிற்பவை இதய அழற்சி, மூட்டு வீக்கம், கை கால் தானாக இழுத்துத் துள்ளும் கோரியா, தோலில் வளையம் வளையமாகத் தோன்றி மறையும் சிவப்பு, தோலுக்கடியில் வலிக்காத சிறு முடிச்சுகள். காய்ச்சல், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட்களின் உயர்வு, இ.சி.ஜி.யில் ஒரு வகைத் தாமதம் ஆகியவை இரண்டாம் வரிசை. ஏ.எஸ்.ஓ. இந்த இரண்டு வரிசையிலும் இல்லை! அண்மையில் ஸ்ட்ரெப் வந்ததற்கான சாட்சி என்று தனியாக நிற்கிறது. நோயின் அடையாளங்கள் இருந்தால்தான் சாட்சியைக் கூப்பிட வேண்டும்.

மூட்டு எப்படி வலிக்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். ருமாட்டிக் காய்ச்சலில் முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய மூட்டுகள் வீங்கிச் சுடும். போர்வை பட்டாலே பிள்ளை கத்தும். இன்று வலது முழங்கால். இரண்டு நாளில் அது வடிந்து இடது கணுக்காலுக்குப் போகும். இப்படி மூட்டுக்கு மூட்டு தாவுவது பெரிய துப்பு. அதை அழித்துவிடாதீர்கள்: டாக்டர் பார்க்கும் முன் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை கொடுத்தால் வீக்கம் ஓரிரு நாளில் அடங்கிவிடும், தாவல் நின்றுவிடும், டாக்டர் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. பிள்ளை தாங்காமல் அழுதால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று டாக்டருக்கே போன் செய்து கேளுங்கள். வீங்கிய மூட்டைப் போனில் தேதியோடு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

சந்தேகம் இருந்தால் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்க வேண்டும். வால்வு ஒழுகுகிறதா என்பதை எக்கோதான் காட்டும். காதில் கேட்காத ஒழுக்கைக்கூடக் காட்டும். அரசின் பள்ளிச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் தேடும் நோய்களின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. பள்ளிக்கு வரும் அந்தக் குழுவிடம் பிள்ளைக்கு மூச்சு வாங்குவதையும் மூட்டு வீங்கியதையும் தயங்காமல் சொல்லலாம்.

சிறுநீரக வீக்கம் என்றால் அடையாளம் வேறு: காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பல், சிறுநீர் குறைதல், பால் விடாத டிக்காஷன் நிறத்தில் போவது, ரத்த அழுத்தம் ஏறுவது. அங்கே ஏ.எஸ்.ஓ.வோடு சி3 என்ற டெஸ்ட்டும் பார்ப்பார்கள். சி3 குறைந்திருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தால் ஸ்ட்ரெப்பால் வந்ததுதான் என்ற முடிவு உறுதியாகும். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகக் குணமாகிவிடுவார்கள்.

நம்பருக்கு ஊசி போடக் கூடாது

என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இது. ஒரு சிறுமி ஒன்றரை வருடமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் ஏ.எஸ்.ஓ. பார்க்க வருவாள். கால்வலியும் 400 என்ற நம்பரும் தவிர வேறு எதுவும் அவள் ஃபைலில் இல்லை. எக்கோ எடுத்ததே இல்லை. அந்த ஊசி எவ்வளவு வலிக்கும் என்று போட்டுக்கொண்ட பிள்ளையைக் கேளுங்கள். அன்று முழுக்க நொண்டுவாள். பிறகு வேறு ஊரில் குழந்தை இதய மருத்துவர் பார்த்து, நோயே இல்லை என்று நிறுத்தினார். வெறும் ஏ.எஸ்.ஓ. கூடியிருப்பதற்கு மருந்து கிடையாது, டான்சிலை எடுக்கவும் தேவையில்லை. நம்பர் தானாக இறங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அது உயிரோடு விளையாடுவது. உண்மையிலேயே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அதே ஊசி கட்டாயம். வருடக்கணக்கில், குறைந்தது ஐந்து வருடம், வால்வு பாதித்திருந்தால் இன்னும் நெடுங்காலம். "ஏ.எஸ்.ஓ. நார்மல் ஆயிடுச்சு, ஊசியை நிறுத்தலாமா அக்கா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கூடாது. அந்த ஊசி அடுத்த ஸ்ட்ரெப்பைத் தடுக்கப் போடுவது. பழைய குளம்படி அழிந்ததென்று வேலியைப் பிடுங்குவார்களா? எப்போது நிறுத்துவது என்பதை வயதையும் எக்கோவையும் வைத்து டாக்டர் சொல்வார், ஏ.எஸ்.ஓ.வுக்கு அதில் வேலையில்லை.

நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்தும் முழுதாக நிம்மதி அடைய முடியாத ஓர் இடம் உண்டு. கோரியா ஸ்ட்ரெப் வந்து மாதங்கள் கழித்து வரலாம், அதற்குள் ஏ.எஸ்.ஓ. இறங்கிப்போயிருக்கும். நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணலாகி, கையிலிருந்து டம்ளர் நழுவி, முகம் தானாகச் சுளித்தால் ஸ்கூலில் சேட்டை என்று அடிப்பார்கள். அடிக்காதீர்கள், நரம்பும் இதயமும் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ரிப்போர்ட் நார்மல் என்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ரத்த ரிப்போர்ட் வரும் வரை பொறுக்கலாம் என்று நினைக்கக் கூடாத சில உண்டு. படுத்தால் மூச்சு வாங்கி எழுந்து உட்காருகிற பிள்ளை. சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போய், தலைவலியோ வாந்தியோ வலிப்போ வருகிற பிள்ளை. தொண்டை அடைத்து எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வடிக்கிற, கழுத்தைத் திருப்ப முடியாத பிள்ளை. ஒரு மூட்டு மட்டும் வீங்கி, கடும் காய்ச்சலோடு அசைக்கவே விடாத பிள்ளை. மூட்டுக்குள் சீழ் வைத்திருக்கலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். இதில் எது இருந்தாலும் அன்றிரவே குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேதி எழுதிய தாளையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் லேப் திறக்கட்டும் என்று இருக்க வேண்டாம், ரத்தம் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.